சந்தனம் பூசிய சிப்செட்

வேலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. இருபத்தாறு வருடம் இராமநாதபுரத்தில் ஒரே சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தேன். இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் நான்கு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஒட்டி வைக்கிற, உள்ளங்கை அளவுப் பெட்டிகளைத்தான் அவர்கள் மாட்டுகிறார்கள். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்துவிட்டு வருகிறார்கள். என் அலமாரியில் கிடந்த பழைய மதர்போர்டை எடுத்துப் பார்த்த ஒருத்தி, "அக்கா, ப்ராசஸருக்குப் பக்கத்துல இன்னொரு அலுமினியக் கட்டி இருக்கே, அது எதுக்கு?" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். எல்லார் டீயும் ஆறிப்போனது. "இதையெல்லாம் எழுதிக் குடுங்கக்கா, குரூப்புல போடுறோம்" என்றார்கள். அதற்காகத்தான் இது.

முதலில் அந்த அலுமினியக் கட்டி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தனி ஃபேன் வைப்பார்கள். ப்ராசஸர் அப்படி. தலைக்கு மேலேயே ஃபேன் சுற்றும், சூடு கூடினால் மெஷினே தன்னை அணைத்துக்கொள்ளும். சிப்செட் பந்தி பரிமாறுகிற ஆள். மெமரிக்கும் ப்ராசஸருக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் எதைக் கொண்டுவந்தாலும் கொண்டுபோனாலும் அவன் கைவழியாகத்தான். அவனுக்கு யாரும் விசிறிவிட மாட்டார்கள். தலையில் ஹீட்சிங்க் என்கிற ஒரு அலுமினியக் கட்டி, இடையில் கொஞ்சம் வெள்ளைப் பேஸ்ட், அவ்வளவுதான். பழைய போர்டுகளில் சிப்செட் கொதித்தால் மெஷின் அணையாது. அப்படியே உறைந்து நிற்கும். திரையில் படம் இருக்கும், ஃபேன் சுற்றும், மவுஸ் அசையாது. பார்ப்பவர்கள் வைரஸ் என்பார்கள். நம் ஊர் வெயிலில் பாதி வைரஸ் இதுதான்.

சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. மிளகாயும் மானாவாரி நெல்லும். அய்யா என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார், நான் எலக்ட்ரானிக்ஸ் முடித்தேன், மதுரையில் ஆறு மாதம் சாலிடரிங் இரும்பால் விரலைச் சுட்டுக்கொண்டேன். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் வாடிக்கையாளர் வாசலில் கற்றது. அங்கே முதல் பாடம், என்னைத் தாண்டி என் பின்னால் எட்டிப் பார்க்கும் கண்கள். "ஆளு வரலையா தாயி?" என்பார்கள். "நாந்தான் ஆளு" என்பேன். ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் எனக்குக் காபி கொடுத்து உட்காரவைத்து, மெக்கானிக் வருவதற்காக அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து காத்திருந்தார்.

எனக்கு ஒரே மகள், யாழினி. இரண்டு வயதில் காய்ச்சல் கூடி அவளுக்கு வலிப்பு வந்தது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து சூடு என்றாலே எனக்குப் பயம். அவளைக் கடந்து போகும்போதெல்லாம் புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்ப்பேன். இப்போது மதுரையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். வீடியோ காலில் நெற்றியைத் தொட முடியாது என்பதுதான் எனக்குள்ள பெரிய குறை. அந்தப் புறங்கைப் பழக்கம் வேலையிலும் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் புறங்கை போர்டுக்குப் போகும். "அக்கா இப்ப போர்டுக்குக் கசாயம் வச்சுக் குடுப்பாங்க" என்று கடையில் சிரிப்பார்கள்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் ரபீக் சார் என்னைவிட ஐந்து வயது இளையவர். எனக்கு மேலதிகாரியாக வந்தபோது மீசையே சரியாக முளைக்கவில்லை. என்னை அக்கா என்பார். கோபம் வந்தால் மட்டும் "மேடம்" என்பார். அவர் வாயில் மேடம் வந்தால் அன்றைக்கு யாரும் அவர் பக்கம் போக மாட்டோம். பை நிறையக் கருவிகள் இருந்தாலும் சட்டைப் பையில் ஒரு பெயின்ட் பிரஷ் வைத்திருப்பார். எந்த அறைக்குப் போனாலும் முதலில் அதை எடுத்துத் தான் உட்காரப்போகும் நாற்காலியைத் துடைப்பார். அவர் ஸ்கூட்டர் ஓட்டினால் மாட்டுவண்டிக்காரர் ஹாரன் அடிப்பார்.

ஆனால் சூட்டு விஷயத்தில் அவர் வைத்திருந்த முறையை நான் கடைசிவரை மாற்றவில்லை. போனதும் மெஷினைத் தொடக்கூடாது. கால் மணி நேரம் அந்த அறையில் சும்மா உட்காரணும். மெஷின் எந்தெந்த நேரத்தில் நிற்கிறது என்று வாடிக்கையாளரே பென்சிலால் குறித்துவைக்க, திரைக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டு வரணும். திறக்கும்போது கரன்ட் ஒயரை உருவிவிட்டு, முதலில் புறங்கை, பிறகு விரல். ஹீட்சிங்க் மேல் விரலை வைத்து எண்ணவேண்டும். பத்துவரை எண்ண முடிந்தால் பயமில்லை. ஐந்தில் விரல் தானாக வந்துவிட்டால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. தொட்டதுமே துள்ளினால் எதையும் கழற்றாமல் உட்கார்ந்து யோசி. கடைசியாக ஒரு சட்டம்: கடற்கரையில் எக்காரணம் கொண்டும் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து ஓட்டக்கூடாது. ஊர்ப்பக்கம் எல்லாரும் செய்கிற வைத்தியம் அது. கடற்கரையில் உப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அந்தச் சும்மா உட்கார்வதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை. இராமேஸ்வரத்தில் ஒரு விடுதியில் புரிந்தது. வரவேற்பில் இருக்கும் கம்ப்யூட்டர் நின்றுபோகிறது என்று அழைத்தார்கள். ரபீக் சார் ஒட்டிவிட்டு வந்த பென்சில் தாளைப் பார்த்தால் மூன்று மாதத்தில் மூன்றே நாள்தான் நின்றிருக்கிறது, மூன்றும் அமாவாசை. வரவேற்பில் இருந்த சேகர் என்ற தம்பி குரலைத் தாழ்த்தி, "சார், இதுக்கு ஏதும் செஞ்சு வச்சிருப்பாங்களோ?" என்றார்.

ரபீக் சார் தேதிகளைக் குறித்துக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், நாற்காலியைப் பிரஷால் துடைத்து உட்கார்ந்தார். விடுதி நிரம்பி வழிந்தது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மொட்டைமாடிக் கொடியில் இடமில்லை. ஒரு அம்மா ஈரத் துண்டைப் பிழிந்து, மேசைக்குப் பின்னால் சர்வ சாதாரணமாகக் கையை நீட்டி, கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் விரித்துவிட்டுப் போனார். பின்னாலேயே இன்னொருவர் ஒரு வேட்டி.

"இங்கன சூடா காத்து வருதுல்ல சார். சட்டுனு காஞ்சிரும். கூட்ட நாள்ல எல்லாரும் போடுவாக" என்றார் சேகர்.

ரபீக் சார் எழுந்து, "தம்பி, உங்க கம்ப்யூட்டரு துணி காயப்போடுறதுல கெட்டி. ஆனா ஒரே நேரத்துல ரெண்டு உத்தியோகம் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து மடித்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது பாலத்தில் காற்றுக்கு நடுவே நான் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது.

இனி வாலிநோக்கம்.

அங்கே ஒரு உப்பளத்தின் வாசலில் எடைமேடை இருக்கிறது. லாரி முதலில் வெறும் வண்டியாக ஏறி எடை போட்டுச் சீட்டு வாங்கணும். பிறகு உள்ளே போய் உப்பு ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி ஏறணும். இரண்டு சீட்டும் இருந்தால்தான் வாசல் தாண்டலாம். எடை காட்டும் பெட்டியின் சொந்தத் திரை எப்போதோ உப்பரித்து அணைந்துவிட்டதால், எண் தெரியவேண்டுமென்றால் கம்ப்யூட்டர்தான் கதி. அதுவும் பழைய கம்ப்யூட்டர். எடைப் பெட்டியின் ஒயர் வேறெதிலும் சேராது. அதை ஓட்டுபவர் முனியசாமி அண்ணன், அறுபதை நெருங்கியவர். அதை ஒரு கறவை மாடு போலப் பார்த்துக்கொண்டார்.

மூன்று வருடம் முன்பு மார்ச் மாதம் முதல் தடவை போனேன். தினமும் இரண்டரைக்கு நின்றுவிடுகிறது, நாலரைக்குத் தானாகச் சரியாகிறது. கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்கே ஒரு கண்ணாடி ஜன்னல். இரண்டு மணிக்குமேல் வெயில் நேராக வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தது. போதாததற்கு, உப்புத்தூசி படாமல் இருக்க அண்ணன் தன் பழைய வேட்டியை நான்காக மடித்துப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தார். பச்சைப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல, காற்றுப் போகும் ஓட்டைகளையெல்லாம் சேர்த்து.

பெட்டியைக் கிழக்குச் சுவர் ஓரம் மாற்றினேன். வேட்டியை உருவினேன். ஹீட்சிங்க் இடுக்கில் உப்பும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி பிடித்திருந்ததைப் பிரஷால் எடுத்தேன். பழைய பேஸ்ட் சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதுப் பேஸ்ட் வைக்கும்போது அண்ணன் குனிந்து பார்த்தார்.

"இது என்ன தாயி, வெண்ணெய் கணக்கா இருக்கு?"

"சூடு எறங்குறதுக்குண்ணே. வெயில்ல நெத்தியில சந்தனம் வைக்கிறோம்ல? அது மாதிரின்னு வச்சுக்கங்க."

அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "பொட்டிக்குச் சந்தனம்!" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் பெருமை. இவ்வளவு எளிதாக யார் விளக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

மே மாதம் நடுவில் ஒரு நாள், மதியம் ஒரு மணிக்கு அவரிடமிருந்து போன். "தாயி, பொட்டி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நிக்குது. வானம் வேற சரியில்ல. வா தாயி." அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

கீழக்கரை, ஏர்வாடி தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் புழுக்கம். காற்று சுத்தமாக நின்றுவிட்டிருந்தது. தென்மேற்கே கடலுக்கு மேல் வானம் ஈயப் பாத்திரம் மாதிரி கறுத்திருந்தது. எடைமேடை வாசலில் இரண்டு வெறும் லாரிகள் நின்றன. அவற்றுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். அவர் பேச்சி. அந்த உப்பளத்தில் நான்கு பாத்தி குத்தகைக்கு எடுத்தவர். அந்த மாதம் முழுக்க வாரிய உப்பு வரப்பில் குவிந்து கிடந்தது. மே மாதத்தில் மழை வரும் என்று யாரும் தார்ப்பாய் வாங்கிவைப்பதில்லை. மழை விழுந்தால், புதிதாக வாரிய உப்பு வந்த வழியே பாத்திக்குள் ஓடிவிடும்.

"சீட்டு அப்புறமா போட்டுக்கலாம், முதல்ல உப்பை ஏத்துங்களேன்" என்றேன்.

"வெறும் வண்டி எடை இல்லாம ஏத்துனா வாங்குற ஆளு ஒத்துக்க மாட்டான்மா. போன வருசம் இப்படித்தான் ஏத்திவிட்டு, லாரியில தண்ணி பீப்பா இருந்துச்சு, ஸ்டெப்னி இருந்துச்சுன்னு ஒரு மாசம் சண்டை" என்றார் பேச்சி. பிறகு வானத்தைப் பார்த்தார். "அங்கன பாரு, கருக்கிட்டு வருது. உன் பொட்டிய எழுப்பும்மா."

அன்றைக்குக் கால் மணி நேரம் உட்காரவில்லை. ஒயரை உருவிவிட்டு மூடியைக் கழற்றினேன். குப்பென்று வாசனை. கோயிலுக்குள் நுழைந்தது போல. எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று ஒடிந்துபோயிருந்தது. ஹீட்சிங்கைத் தூக்கிப் பார்த்தால், சிப்செட்டின் மேல் மஞ்சளாக, தடிமனாக, வெடித்த வண்டல்போலச் சந்தனம்.

"அண்ணே, யாரு இதைப் பூசுனது?"

முனியசாமி அண்ணன் நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றார். "நாந்தான் தாயி. போன வாரம் ரெண்டு தரம் நின்னுச்சு. ஒரு பொம்பளப்பிள்ள இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் வரணுமான்னு நானே கழட்டி, நீ வச்ச மாதிரியே வச்சேன். சும்மா சந்தனம் இல்ல தாயி, ஏர்வாடி தர்காவுல குடுத்த சந்தனம். வீட்டுல பத்திரமா வச்சிருந்தேன்."

ஈரமாக இருந்தவரை அது குளிர்ந்திருக்கும். ஒரு நாள், இரண்டு நாள். காய்ந்ததும் சிப்செட்டுக்குச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிட்டது. சூடு வெளியே வர வழியே இல்லை.

ஜன்னல் வழியாகப் பேச்சி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே, பொட்டிக்குச் சந்தனம் பூசுனீங்களே, கல்யாணமா கட்டிவைக்கப் போறீங்க? பொண்ணு பாத்தாச்சா? என் உப்பு கரையுறதுக்குள்ள முகூர்த்தம் வையுங்க." லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கியது. பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "முதலாளி வரட்டும். இவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலைன்னா நான் பேச்சி இல்ல" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஐஸ்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினேன், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், குனிந்த தலை நிமிரவில்லை. அந்த நேரம் பார்த்து யாழினி போன். அப்போது அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, ஹீட்டரைப் போட்டுட்டு மறந்துட்டேன், வாளி கொதிக்குது, கையை விட்டுப் பாக்கவா?" "சுவிட்ச அணை! தொடாத! அணைச்சிட்டு வெளிய போய் நில்லு!" என்று நான் கத்தியதில் முனியசாமி அண்ணன் ஓடிப்போய் அறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். டேபிள் ஃபேனும் நின்றது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பேஸ்ட் டியூப் பையின் சூட்டில் இறுகிப்போயிருந்தது. பிளேடால் டியூபை நெடுக்கப் பிளந்து, உள்ளே வழித்து, ஒரு பட்டாணி அளவு தேற்றினேன். பேஸ்ட் ஆயிற்று. ஒடிந்த முளைக்கு என்ன செய்வது? கம்பி போட்டுக் கட்டினால் போர்டில் ஷார்ட் ஆகும். முளை இல்லாமல் ஹீட்சிங்க் சிப்செட்டில் அழுந்தி உட்காராது.

மூலையில் உப்புச் சாக்குத் தைக்கிற நூல்கண்டு கிடந்தது. கனத்த பருத்தி நூல். போர்டைப் பெட்டியிலிருந்து முழுதாகக் கழற்றினேன். ஒன்பது ஸ்க்ரூ. கோணி ஊசி முளைத் துளையில் நுழையவில்லை. நூல் முனையை வாயில் நனைத்து முறுக்கி விட்டேன், நுழைந்தது. அடியில் சுற்றி மேலே கொண்டுவந்து ஹீட்சிங்கின் இடுக்கு வழியே இழுத்து முடிச்சுப் போடவேண்டும். அதற்கு ஒருவர் அதை அசையாமல் அழுத்திப் பிடிக்கணும். அண்ணன் பிடித்தது நழுவிக்கொண்டே இருந்தது. அவர் வானத்தைப் பார்ப்பதும் பேச்சியைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பேச்சி உள்ளே வந்தார். "தள்ளுங்கண்ணே, நான் பிடிக்கிறேன்." உப்பு வாரி வெடித்த விரல்கள். நான் சொன்ன இடத்தில் வைத்தார், இம்மி அசையவில்லை.

இடி ஒன்று உறுமியது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. மார்ச்சுல வந்தப்ப இது சந்தனம் மாதிரின்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். அவரு அதைக் கேட்டுத்தான் செஞ்சாரு."

பேச்சி என்னையே பார்த்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை. "அப்ப ரெண்டு பேரும் சேந்து கெடுத்திருக்கீங்க" என்றார். "சரி, ரெண்டு பேரும் சேந்தே சரி பண்ணுங்க. முடிச்ச இறுக்கும்மா, பாத்துக்கிட்டு நிக்கிற."

போர்டை மாட்டி, ஓட்டிப் பார்த்தேன். திரையில் பச்சை எண் வந்தது: சைபர். பத்து நிமிடம் நின்றது. நெருப்பாக இருந்த அந்த அறையில் அதற்குமேல் தாங்குமா? ஹீட்சிங்க் மேல் விரலை வைத்தேன். ஆறில் விரல் வந்துவிட்டது. மூடியைப் பூட்டினால் மறுபடி உறையும். திறந்து வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பினால் தாங்கும். ஆனால் கடற்கரை.

ரபீக் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், நூல், நான் சொன்ன உவமை. மேடம் என்று வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"ஏர்வாடி சந்தனமா?" என்றார்.

"ஆமா சார்."

"சுரண்டுனதைக் கீழ போட்டுறாதீங்கக்கா. தாள்ல மடிச்சு அவருகிட்டயே குடுங்க. மூடியைத் திறந்து வச்சு ஃபேனைப் போடுங்க. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. உப்பை நாளைக்கு நான் வந்து தொடைச்சுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்."

சுரண்டியதைத் தாளில் மடித்து அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றேகாலுக்கு முதல் லாரி மேடை ஏறியது. எண் ஓடி நின்றது, சீட்டு கிர்ரென்று வெளியே வந்தது. இரண்டாவது லாரி. அதற்கும் சீட்டு. பேச்சி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடினார். அடுத்த ஒன்றரை மணி நேரம் நான் அந்த அறையை விட்டு அசையவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புறங்கையைக் கொண்டுபோய் ஹீட்சிங்குக்கு மேல் பிடிப்பேன். அண்ணன் டேபிள் ஃபேனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார், அது திரும்பிவிடுமோ என்று. ஜன்னல் வழியே பாத்தி தெரிந்தது. பக்கத்துப் பாத்திப் பெண்கள், தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள், கூடை கூடையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய மண்வாரி வண்டியும் சேர்ந்துகொண்டது. காற்று திடீரென்று எழுந்தது. குளிர்ந்த காற்று, மண் வாசனையோடு. இத்தனை வருடத்தில் குளிர்ந்த காற்றுக்கு நான் பயந்தது அந்த ஒரு நாள்தான்.

முதல் லாரி வந்தது. எடை போட்டது, போனது. இரண்டாவது லாரி மேடை ஏறும்போது கூரையில் முதல் சொட்டு விழுந்தது. டிரைவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே எண் ஓடியது, ஓடியது, நின்றது. அது எடைக்கு நின்றதா, உறைந்து நின்றதா? அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பொத்தானை அழுத்தினார். ஒரு மூச்சு. சீட்டு வந்தது. லாரி இறங்கி வாசலைத் தாண்டியது.

அதன் பிறகு மழை கொட்டியது. மேடையின் இரும்புத் தகடு பறையடித்தது. பேச்சி முழுக்க நனைந்து உள்ளே வந்து, சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்கினார். "ஒரு அம்பாரம் பாக்கி. அது போகட்டும்" என்றார்.

திரையைப் பார்த்த அண்ணன், "தாயி, மேடையில வண்டி இல்ல, ஆளு இல்ல. எண்ணு மாறுது பாரு. கெட்டுப்போச்சா?" என்று பதறினார்.

குனிந்து பார்த்தேன். சைபர் பத்தாயிற்று. பத்து இருபதாயிற்று. வெளியே தகட்டின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

"கெடலண்ணே. மழையை எடை போடுது."

ஒரு நிமிடம் மூன்று பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பது. பேச்சிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சீட்டுப் போடுங்கண்ணே. காலையில இருந்து வாரேன் வாரேன்னு என்னையப் பயங்காட்டுச்சுல்ல, எம்புட்டுக் கனம்னு நான் பாக்கணும்."

அண்ணன் நிஜமாகவே பொத்தானை அழுத்தினார். கிர்ரென்று சீட்டு வந்தது. வண்டி எண் இல்லை, டிரைவர் பெயர் இல்லை, எடை முப்பது கிலோ. பேச்சி அதைக் கிழித்து வாங்கி, ஈரக் கையால் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மழைக்குள் இறங்கித் தன் பாத்தியைப் பார்க்கப் போனார்.